தேடுவாரற்ற தனிவழி

(மன்றத்தின் ஆண்டு விழாவில் பல்கலைக்கழக மாணவ உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



"தனிவழிப் பயணம்" என்னும் பொருள்பற்றிச் சில வார்த்தை பேசுமாறு மன்றச் செயலாளர் எம்மைப் பணித்தார். இந்நாளில் இளைஞர் பலர் முதுகிற் பையும் கூடாரமும் சுமந்து, நாட்கணக்காகத் தனியே நடந்து திரிய விரும்புகின்றனர். பெரியோர் இதைக் கேட்டு முகஞ் சுளிக்கின்றனர். "பஸ்ஸும் ரயிலும் ஓடுகிற காலத்திற் கால் நோக நடப்பானேன்? வீடு வாசல் இருக்க வெட்டவெளியிற் படுப்பானேன்?" என்று கேட்கின்றனர். இவ்விரு சாராருக்கும் நடுவில் நின்று தீர்ப்புக் கூற எமக்கு வயதும் போதாது; அநுபவமும் போதாது. ஆயினும், மாத்தளை மாவட்டத்தில் நாம் நடந்த ஒருநாள் வழியையும், அதே வழியில் எமது முன்னோர் நடந்த நடையையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இந்த வழக்குக்கு ஒரு முடிவு தானே பிறக்கும் என்பது எமது எண்ணம்.

நடத்தல் நமக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார் கூட்டத்தை நாம் அறிவோம். திருநாவுக்கரசு நாயனார் திருக்கயிலைக்குத் தனியே நடந்த வரலாற்றைப் பெரியபுராணம் கூறுகின்றது. பாதங்கள் தேய்ந்தபின் கைகளால் தவழ்ந்தார். கைகளும் தேய்ந்தபின் மார்பினால் ஊர்ந்தார். அதுவும் இயலாதபோது புரண்டு புரண்டு சென்றார். அப்பெரியாரின் மனவுறுதியையே நாம் பெரும்பாலும் எடுத்துப் பேசுகின்றோம். ஆனால் அவ்வரலாற்றிற் கவனிக்கவேண்டிய வேறொன்றும் உண்டு. மனித நடமாட்டமற்ற அந்தக் காட்டிலே இறைவன் ஒரு முனிவர் வடிவில் எதிர்ப்பட்டு, உடல் இவ்வாறு நைந்துபோக இங்கே வருந்துவது எதற்காக என்று விசாரித்தார். தனிவழியிலும் அவரை நின்று கேட்க ஒருவர் இருந்தார்.

சைவ வீட்டிற் பிறந்து மிஷன் பாடசாலையிற் படித்தவர் நாம். அங்கே வேதாகம வகுப்பிற் கேட்ட கதையொன்றும் இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றது. எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போன ஒருவன் கள்வரால் அடியுண்டு வழியிற் குற்றுயிராய்க் கிடந்தான். அவன் சமயத்துப் பெரியவர் இருவர் கண்டும் விலகிப் போயினர். வேற்றினத்தவனான சமாரியன் ஒருவனே நின்று, காயங் கட்டி, சத்திரத்திற் சேர்த்தான். இரு கதைகளும் எமக்கு ஒன்றையே சொல்வனவாகத் தோன்றின. வழியிற் கிடப்பவனை நின்று கேட்பதே அறம்.

தமிழிலே வழிப்பயணத்துக்கென்றே ஓர் இலக்கிய வகை உண்டு. அதுவே ஆற்றுப்படை. பத்துப்பாட்டிற் பாதி ஆற்றுப்படைகளே. வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் பாணனோ கூத்தனோ, வறுமையோடு எதிரே வரும் மற்றொருவனைக் கண்டு, "இந்த வழியாற் போ, இன்ன இடத்திற் சோறு கிடைக்கும், இன்ன இடத்திற் கல்லும் முள்ளும் உண்டு, பார்த்துப் போ" என்று சொல்லி அனுப்புவான். தான் நடந்த வழியின் இன்பத்தையும் துன்பத்தையும் ஒளியாமல் மற்றவனுக்குச் சொல்வதே அதன் பண்பு.

கடந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே தென்னிந்தியக் கிராமங்களில் ஒரு போலி ஆற்றுப்படை நடந்தது. 1820களில் ஆங்கிலேயர் இந்நாட்டு மலைகளிற் கோப்பி பயிரிடத் தொடங்கினர். 1823ஆம் ஆண்டை மலையக மக்களின் வருகைக்குத் தொடக்க ஆண்டாக நாம் இன்று நினைவுகூர்கின்றோம். கோப்பி பழுக்கும் காலத்துக்கு ஆள் தேவை. ஆளைத் திரட்டுவதற்குக் கங்காணிகள் கடல் கடந்து போயினர். பஞ்சத்தாலும் கடனாலும் சாதிக் கொடுமையாலும் நொந்திருந்த ஏழை மக்களிடம், "கண்டிச் சீமைக்கு வாருங்கள்; அங்கே செடியின் தூரைத் தோண்டினாற் தேங்காயும் மாசியும் கிடைக்கும்" என்று ஆசை காட்டியதாக இன்றும் நம் பாட்டிமார் சொல்வார்கள். பாணன் சொன்ன வழியிற் கல்லும் முள்ளும் இருந்தன. கங்காணி சொன்ன வழியில் அவை இருக்கவில்லை. அதுவே இரண்டுக்குமுள்ள வேறுபாடு.

அந்த வழி எத்தகையது? திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து கடற்கரைக்கு ஒரு நடை. பின்பு பாய்த்தோணியில் மன்னார்க் கரைக்கு ஒரு கடற்பயணம். அதன்பின் மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் காட்டு நடை. மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா என்று வழி தெற்கே இறங்கி வரும். தண்ணீர் அரிது, கிடைத்த குளத்துநீரும் குட்டைநீரும் நோய் நிறைந்தவை. இன்று குளிரூட்டிய வாகனத்திற் சில மணி நேரத்தில் முடியும் இவ்வழியை அவர்கள் இருவார காலமாக நடந்தனர். தலையிற் சட்டி பானையும் பாயும், இடுப்பிற் குழந்தை. இரவில் மரத்தடியும் அம்பலமுமே தங்குமிடம். இக்காலத்தார் விரும்பிச் செய்யும் "கூடார வாழ்வு" அவர்களுக்குக் கூடாரமில்லாமலே வாய்த்தது.

மாத்தளை அவர்களுக்குக் காட்டுவழியின் முடிவும் மலைவழியின் தொடக்கமுமாய் இருந்தது. உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் இங்கே கூடி, இங்கிருந்தே தோட்டந் தோட்டமாகப் பிரிந்து போயினர். இன்று வானளாவிய 108 அடி இராசகோபுரத்தோடு விளங்கும் முத்துமாரியம்மன் கோயில், தொடக்கத்தில் ஒரு மரத்தடியில் இருந்த சிறு வழிபாட்டிடமே. 1874இல் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் உதவியோடு அது கோயிலாக எழுந்தது. அம்மை நோய்க்கும் கொள்ளை நோய்க்கும் அஞ்சி நடந்து வந்த மக்கள், வழி முடியும் இடத்தில் மாரியம்மனை வணங்கினார்கள் என்பதில் வியப்பில்லை. 1880இல் மாத்தளைக்கு ரயில் வந்தது. அந்த நூற்றாண்டு முடியும் தறுவாயில் ஆள்வரவு தூத்துக்குடி - கொழும்பு வழியாகத் திருப்பப்பட, வடக்கு வீதியின் கால்நடை ஓய்ந்தது.

இந்த வழியின் கடைசி ஒருநாள் நடையை நாமும் நடந்து பார்க்க விரும்பினோம். "நாம்" என்று பன்மையிற் சொன்னாலும் நடந்தது ஒருவரே என்பதை அவையோர் அறிந்துகொள்க. தை பிறந்து வெயில் ஏறத் தொடங்கிய பருவம். நாலந்தாவிலிருந்து மாத்தளை வரை சுமார் 15 மைல். பையில் ஒரு சிறு கூடாரம், ஒரு போர்வை, இரண்டு போத்தல் தண்ணீர், புளிச்சாதக் கட்டு, கைவிளக்கு, காயத்துக்கு மருந்து. புறப்படுமுன் எமது தாயார் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். "தம்பி, தனியாகப் போவதென்றாற் போ. ஆனால் படுக்கும்போதும் எழும்பும்போதும் எங்கே நிற்கிறாய் என்று ஒரு சொல் சொல்லிவிடு" என்றார்.

முதல்நாள் மாலை நாலந்தாக் கெடிகேயைப் பார்த்தோம். பல்லவர் பாணியில் முழுதும் கல்லாலான ஆலயம் அது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழமையுடையது. சைவச் சாயலும் பௌத்தச் சாயலும் கலந்து நிற்பது. மகாவலித் திட்டத்தில் போவத்தன்ன நீர்த்தேக்கம் அமைந்தபோது அது நீரில் மூழ்காதபடி, 1970களின் நடுப்பகுதியிற் கல் கல்லாகக் கழற்றி, உயர்ந்த இடத்தில் மீண்டும் அவ்வண்ணமே அடுக்கினார்கள். எந்தக் கல் எங்கே இருந்தது என்று குறித்துவைத்து, ஒன்றும் தவறாமற் கொண்டுவந்து சேர்த்த அந்தக் கவனத்தை எண்ணி மகிழ்ந்தோம். அதன் அருகே போகும் வீதியில் நடந்து வந்த மனிதருக்கு அப்படி ஒரு குறிப்பேடு இருந்ததா என்ற கேள்வியும் கூடவே எழுந்தது.

அன்றிரவு, ஒரு சிங்களக் கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, அவருடைய தோட்டத்து மூலையிற் கூடாரம் அடித்தோம். இரவில் நாய்கள் குரைத்தன. ஏதோ ஒரு பறவை விட்டுவிட்டுக் கூவிற்று. கூடாரத்துணி மெல்லியதாயினும், அதற்கு அப்பால் ஒரு வீட்டு விளக்கு எரிகின்றது என்ற நினைவே எமக்குப் போதிய சுவராயிருந்தது.

விடியற்காலம் ஐந்தரை மணிக்குப் புறப்பட்டோம். முதல் இரண்டு மணி நேரம் நடை இன்பமாயிருந்தது. தம்புள்ளைச் சந்தையிலிருந்து மரக்கறி ஏற்றிவரும் லொறிகள் காற்றைக் கிழித்துக்கொண்டு போயின. தெற்கே வர வர வறண்ட காட்டின் சாயல் குறைந்து பச்சை அடர்கின்றது. மிளகுக்கொடியும் கிராம்பும் சாதிக்காயும் கொக்கோவும் நிற்கும் தோட்டங்கள் வீதியின் இருமருங்கும் தொடங்குகின்றன. வாகனத்திற் போகும்போது இந்த மாற்றம் கண்ணுக்குப் படுவதில்லை. காலால் நடப்பவனுக்குத் தோலிலே தெரியும்.

மடவளை உல்பத்தைக்கு அண்மையில் வெயில் உச்சிக்கு வந்தது. எமது குதிக்காலிற் கொப்புளம் எழுந்து அடி வைக்க முடியாமற் போயிற்று. ஒரு மரத்தடியிற் பையை இறக்கிவைத்துக் குந்தினோம். எதிர்வீட்டிலிருந்து வயது முதிர்ந்த சிங்கள அம்மையார் ஒருவர் வந்து, "புத்தே, எங்கே போகிறாய்?" என்று தம் மொழியிற் கேட்டார். மாத்தளைக் கோவிலுக்கு என்றோம். உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீரும் ஒரு துண்டு கருப்பட்டியும் கொண்டுவந்து தந்தார். காலைப் பார்த்துவிட்டு, வெயில் தாழும்வரை எழும்பக்கூடாது என்று கட்டளையிட்டார். நாம் ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கே இருந்தோம். எமக்கு அவசரமில்லை, எம்மை விட்டுவிட்டுப் போக ஒரு கூட்டமும் இல்லை. கைபேசியில் வீட்டுக்கு ஒரு சொல் அனுப்பினோம்.

அந்த ஒரு மணி நேரத்திலேதான் முன்னோரின் நடை எமக்கு விளங்கிற்று.

இதே வீதியில், இதே மாதிரி ஒரு மரத்தடியில், காலிற் புண்ணோடோ வயிற்றோட்டத்தோடோ காய்ச்சலோடோ ஒருவன் குந்தியிருப்பான். அவனுடைய கூட்டம் என்ன செய்யும்? ஒருநாள் தாமதித்தால் ஒருநாள் அரிசி போகும். கொண்டுவந்த அரிசியோ அளவானது. கங்காணி முன்பணம் வாங்கியவன். குறித்த நாளில் ஆளைத் தோட்டத்திற் சேர்க்கவேண்டியவன். வாந்திபேதி என்றால் அருகே நிற்கவும் அச்சம். எல்லாக் கங்காணிமாரும் கல்நெஞ்சர் என்று நாம் சொல்லவில்லை. பலர் அதே ஊரார், சிலர் உறவினர். ஆயினும் பசியும் கடனும் நோயும் சேர்ந்து நெருக்கியபோது கூட்டம் நடந்தது, நோயாளி இருந்தான். தண்ணீர்ச் சிரட்டை ஒன்றை அருகில் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அதுவரை கூட்டத்தில் ஒருவனாய் வந்தவன் அந்தக் கணத்தில் தனிவழிப் பயணியானான். அவனுடைய தனிவழி பெரும்பாலும் அந்த மரத்தடியோடு முடிந்தது.

1840களில் இவ்வாறு வழியிலும் தோட்டங்களிலுமாக 70,000 பேர் மாண்டனர் என்று 1849இற் கொழும்புப் பத்திரிகையொன்று மதிப்பிட்டு எழுதியது. அத்தொகை கூடுதலா குறைவா என்று ஆய்வாளர் இன்றும் வாதிடுகின்றனர். வாதம் எழுவதற்குக் காரணமே நமது துயரம். பெயர் எழுதிவைக்கப்பட்டிருந்தால் வாதமே வேண்டியதில்லையன்றோ? 1858இல் ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்திற் குடிவரும் தொழிலாளருக்கென ஓர் ஆணைக்குழு ஏற்பட்டது. நாளடைவில் வழியிற் கொட்டகைகளும் மருந்துச்சாலைகளும் அமைந்தன. அவற்றால் உயிர்கள் பிழைத்தன. அதே 150 மைல், அதே வெயில். வழி குறையவில்லை, வழியில் நின்று கேட்பார் சிலர் ஏற்பட்டனர், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் இவ்விடத்திற் சொல்லாவிட்டால் எமக்குத் தண்ணீர் தந்த அம்மையாருக்கு நன்றி மறந்தவராவோம். இந்நாட்டு வீதிகளிற் சிந்திய வியர்வை தமிழருடையது மாத்திரமன்று. 1848இல் வந்த வீதிச் சட்டம், வயதுவந்த ஆண்மகன் ஒவ்வொருவனும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்யவேண்டும், அல்லது மூன்று சிலிங் கட்டவேண்டும் என்றது. இதுவும் மற்ற வரிகளும் சேர்ந்து மூட்டிய கோபமே அவ்வாண்டின் மாத்தளைக் கிளர்ச்சி. கொங்காலேகொட பண்டா தம்புள்ளையில் முடிசூட்டப்பட்டான். வீரபுரன் அப்பு 1848 ஆவணி 8ஆந் திகதி கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டான். ஒரு பகுதியார் வீதி போடும்படி நெருக்கப்பட்டனர். மற்றொரு பகுதியார் வீதியில் நடந்து மாண்டனர். இரு பகுதியாரின் பேரப்பிள்ளைகளும் இந்த மாவட்டத்தில் அடுத்தடுத்த வீட்டார். இடையில் 1983 போன்ற கொடிய நாட்களும் வந்தன, நமது அம்மன் கோயிலும் தீயின் கொடுமைக்குத் தப்பவில்லை, பின் மீண்டெழுந்தது. ஆனாலும் வழியிற் குந்தியிருந்த அந்நியனுக்கு ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவருவதற்கு அந்த அம்மையார் யாரையும் கேட்கவில்லை.

வெயில் தாழ்ந்தபின் மெல்ல எழுந்து பலாபத்வலையைக் கடந்தோம். பௌத்தரின் திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பெற்ற அலுவிகாரைக் குகைகளைக் கடந்தோம். வாய்மொழியாக வந்த அறிவு, பஞ்சத்தாலும் போராலும் அதைச் சுமந்தவர்களோடு அழிந்துவிடும் என்று அஞ்சி, இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னே துறவியர் அங்கு கூடி எழுதிவைத்தனர். அவர்களுடைய அந்தப் பயம் எவ்வளவு நியாயமானது! எழுதாததற்கு நாம் கொடுத்த விலையை இனிச் சொல்லுவோம்.

வழியில் எமது முன்னோரின் பெயரை எழுதிவைப்பார் இருக்கவில்லை. வந்த நாளும் பிறந்த நாளும் இறந்த நாளும் பலருக்கு ஏட்டில் ஏறவில்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேல் உழைத்தபின், 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. "உன் தகப்பன் இந்நாட்டிற் பிறந்ததற்குச் சான்று எங்கே? அல்லது உன் பாட்டனும் பூட்டனும் பிறந்ததற்குச் சான்று எங்கே?" என்று அது கேட்டது. சான்று எங்கிருந்து வரும்? காட்டு வழியிற் பிறந்த பிள்ளைக்கு யார் பத்திரம் எழுதினார்? பல இலட்சம் பேர் நாடற்றவராயினர். 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேரை இலங்கை ஏற்பது என்று இரு அரசுகளும் மனிதரைப் பங்கிட்டன. நடந்து வந்த வழியின் எதிர்த்திசையில், ரயிலிலும் கப்பலிலும், அழுதழுது பலர் திரும்பினர். எஞ்சியோரின் நாடற்ற நிலையை நீக்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறிற்று. எண்ணாமல் விடப்பட்டவர் தாமே பின்பு எண்ணிக்கைக்கு உட்படாதவர் ஆயினர். இதை இளைஞர் நன்கு சிந்திக்க வேண்டும்.

2023ஆம் ஆண்டிலே, முன்னோர் வந்து 200 ஆண்டு நிறைந்ததை முன்னிட்டு, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபவனி புறப்பட்டது. "மாண்புமிகு மலையக மக்கள்" என்ற பெயரோடு ஆடி 28இல் தொடங்கிய அந்த நடை ஆவணி 12இல் மாத்தளையில் முடிந்தது. 16 நாள் நடந்த அவர்கள் காணியுரிமை, வீட்டுரிமை, சம வாழ்வு ஆகியவற்றைக் கேட்டு நடந்தனர். முன்னோர் நடந்தபோது வழியில் விழுந்தவரை விட்டுச் சென்றனர். இவர்கள் நடந்தபோது, விழுந்தவரை நினைப்பதற்காகவே நடந்தனர். ஒரு சமுதாயம் தன் வழியைத் தானே திரும்பப் போய்ப் பார்க்குமானால் அது வளர்ந்துவிட்டது என்பதற்கு அதுவே சான்று.

இனி, நமது மன்றத்துக்கு நேரே உரிய விஷயத்துக்கு வருகின்றோம். கங்காணியின் போலி ஆற்றுப்படை ஒழிந்துவிட்டதா? லயத்துப் பிள்ளைகள் பதினெட்டு வயதாகுமுன்னே கொழும்புக் கடைகளுக்குப் போகின்றனர். தாய்மார் முகவர் சொல்லை நம்பி மேற்காசிய நாடுகளில் வீட்டு வேலைக்குப் போகின்றனர். "நல்ல சம்பளம், நல்ல வீடு" என்பதே இன்றைய தேங்காயும் மாசியும். போனவர்களுட் பலர் நன்றாயிருக்கின்றனர், அதை மறுக்கவில்லை. ஆனால் போனவர் யார், எங்கே போனார், யாரோடு போனார், கடைசியாகக் கடிதமோ தொலைபேசியோ வந்தது எப்போது என்று கேட்டால், நம் தோட்டங்களிற் பதில் சொல்ல எத்தனை பேர் உளர்? விமானத்திற் போனாலும் அது தேடுவாரற்ற தனிவழியே.

ஆகவே, தொடக்கத்திற் கூறிய வழக்குக்கு எமக்குத் தோன்றும் முடிவு இதுவே. பெரியோர்களே! தனியே நடப்பதை வெறுக்க வேண்டாம். தனியே நடப்பவன் தன் காலை அறிகின்றான். தன் பயத்தை அறிகின்றான். வழியில் நின்று கேட்பவரின் அருமையை அறிகின்றான். கண்டியிலிருந்து நுவரெலியா வரை 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பெக்கோ நடைபாதையில் நடப்பதற்கு உலகின் பல பாகங்களிலிருந்தும் ஆட்கள் வருகின்றனர். அது நம் பாட்டன் பாட்டியர் கொழுந்து சுமந்த பாதையே. அதில் நம் பிள்ளைகள் நடந்தாலென்ன? இளைஞர்களே! தனியே நடப்பதை வீரமென்று மயங்கவும் வேண்டாம். எமது நடையில் எம்மைக் காத்தவை கூடாரமும் போத்தலும் அல்ல. வீட்டில் எமது சொல்லுக்குக் காத்திருந்த தாயாரும், தோட்டத்திற் படுக்க இடந் தந்த கடைக்காரரும், தண்ணீர் தந்த அம்மையாருமே எம்மைக் காத்தனர். தனியே போவதில் அபாயம் சிறிது. தேடுவாரின்றிப் போவதிலேதான் அபாயம் முழுவதும் இருக்கின்றது.

இதன்பொருட்டு மன்றத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

முதலாவது, ஆண்டுதோறும் மாசிமகப் பஞ்சரத பவனிக்கு முன்னதாக ஒருநாள், நாலந்தாவிலிருந்து அம்மன் கோயில் வரை மன்றத்தார் நடக்க வேண்டும். தனியே நடக்க விரும்புவோர் தனியேயும், சேர்ந்து நடக்க விரும்புவோர் சேர்ந்தும் நடக்கட்டும். ஆனால் புறப்படும்போது எல்லோருடைய பெயரும் எழுதப்பட வேண்டும். கடைசி ஆள் வந்து சேரும்வரை கோயில் வாசலில் ஒருவர் ஏட்டோடு காத்திருக்க வேண்டும். பெரியோருக்கு நடக்க இயலாவிடின், அந்த ஏட்டைப் பிடித்திருக்கும் பணி அவர்களுடையதாகட்டும்.

இரண்டாவது, வழியில் ஓரிரு இடங்களில் அன்று தண்ணீர்ப்பந்தல் அமைக்க வேண்டும். அது நம்மவருக்கு மாத்திரமன்றி, வீதியாற் போகும் எல்லோருக்கும் உரியதாக இருக்கவேண்டும். வழியோரத்துச் சிங்கள, முஸ்லிம் அயலவரையும் அதிற் சேர்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீருக்குச் சாதி சமயம் இல்லை என்று மேடையிற் பேசுவது இலகு. செம்பில் ஊற்றிக் கொடுத்துக் காட்டுவதே நமது வேலை.

மூன்றாவதே முக்கியமானது. மன்றத்தில் ஒரு பேரேடு திறக்க வேண்டும். அதன் முற்பகுதியில், ஒவ்வொரு குடும்பத்திலும் நினைவிலிருக்கும் முன்னோரின் பெயர், அவர்கள் விட்டுவந்த ஊர், வந்த வழி, வழியில் இழந்தவர் ஆகிய விவரங்களைப் பாட்டன் பாட்டியரிடம் கேட்டு எழுத வேண்டும். ஸி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்திராவிட்டால், அவற்றுட் பல பாடியவரோடு போயிருக்கும். பெயர்களும் அப்படித்தான். பிற்பகுதியில், இன்று தொழிலுக்காக வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போவோரின் பெயரும் சேருமிடமும், வீட்டார் சம்மதத்தோடு எழுதப்பட வேண்டும். மாதம் ஒருமுறை மன்றத்து இளைஞர் ஒருவர் அவ்வீடுகளுக்குப் போய், "சேதி வந்ததா?" என்று கேட்க வேண்டும். வராவிட்டால் உரிய இடத்துக்கு எழுதும் பொறுப்பை மன்றம் ஏற்க வேண்டும். இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. ஒரு தடித்த கொப்பியும், ஒரு பேனாவும், மறக்காத மனமும் போதும்.

நண்பர்களே! மரத்தடியில் விடப்பட்டவர்களை இனி நாம் எழுப்ப முடியாது. அவர்கள் பெயரையும் முழுதாக மீட்க முடியாது. ஆனால் இந்த மன்றம் இருக்கும்வரை, நமது ஊரிலிருந்து புறப்படும் ஒருவரேனும் கேட்பாரின்றிப் போகாதபடி செய்ய நம்மால் முடியும். மூன்று வேண்டுகோள்களையும் வருகின்ற நிர்வாகக் கூட்டத்தில் எடுத்துக்கொள்ளுமாறு செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். பேரேட்டின் முதற் பக்கத்தை எழுதுவதற்கு எமது பாட்டியார் இன்றே ஆயத்தமாயிருக்கின்றார்.